மாலே, ஏப்ரல் 1987: தூர்த்த ஆழமற்ற கடலும் ஏறி வந்த ஆழ்கடல் அலையும் (நிகழ்வு ஆய்வு)

எந்த நிகழ்வு

மாலத்தீவின் தலைநகரான மாலேயில் 1987 ஏப்ரல் 10 முதல் 12 வரை கடல் ஊருக்குள் ஏறியது. புதிதாகத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தின் ஒரு பகுதியைக் கரைத்துக்கொண்டும் போனது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் தீவில் நடந்த வேலை, அந்த மூன்று நாட்கள், பிறகு 15 ஆண்டுகள் தொடர்ந்த அலைத்தடுப்புப் பணி, 2004 சுனாமியில் அந்தத் தடுப்புக்கு வந்த சோதனை ஆகியவற்றை இந்த ஆய்வு வரிசையாக எடுத்துக்கொள்கிறது. பவளத் தீவில் சுவர், துறைமுகம், தூர்ப்பு வேலை எதுவானாலும் திட்டமிடும் பொறியாளர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. தனி மனிதர்களின் பெயர் இங்கே தேவைப்படவில்லை. முடிவெடுத்தவர்கள் அன்றிருந்த நெருக்கடியில் எடுத்தார்கள்.

இடத்தின் அமைப்பு

மாலே, வட மாலே பவளத்தீவு வளையத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல். தெற்கே வட மாலே, தென் மாலே வளையங்களைப் பிரிக்கும் வாதூ கால்வாய், ஆழம் சில நூறு மீட்டர். வளையத்துக்கு உள்ளே இருக்கும் காயலின் ஆழம் பெரும்பாலும் 40 முதல் 60 மீட்டர். மாலத்தீவு முழுவதிலும் மலையோ ஆறோ கருங்கல்லோ கிடையாது. நிலம் என்பது பவளமும் சிப்பியும் உடைந்து குவிந்த மணல்தான்.

இப்படிப்பட்ட தீவின் குறுக்குவெட்டைக் கரையிலிருந்து கடல் நோக்கிப் பார்த்தால் முதலில் மணற்கரை, அடுத்து பாறைத்தளம். ஓதம் இறங்கிய நேரத்தில் இந்தத் தளத்தில் முழங்கால் அளவோ இடுப்பளவோதான் தண்ணீர் நிற்கும். சில இடங்களில் பாறை வெளியே தெரியும். தளத்தின் கடல் பக்கம் சற்று உயர்ந்த விளிம்பு. உயிருள்ள பவளம் நெருக்கமாக வளர்வதும் அலை உடைந்து வெள்ளையாக நுரைப்பதும் அங்கேதான். விளிம்பைத் தாண்டி ஒரு சரிவு, அதற்கப்பால் ஆழம். கரையில் நிற்பவர் கண்ணுக்கு நீர் வெளிர்பச்சையிலிருந்து கருநீலத்துக்கு ஒரே கோட்டில் மாறும். அந்தக் கோடுதான் பாறை விளிம்பு.

நம் கிழக்குக் கரையில் கண்டத்திட்டு இருக்கிறது. கடலடி பல கிலோமீட்டர் தூரம் மெல்லச் சரிந்து போகும். மாலேயில் அது கிடையாது. சில நூறு மீட்டர் ஆழத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்துக்கு மிகக் குறுகிய தூரத்தில் ஏறிவிடும். இந்தச் செங்குத்து அமைப்பு 1987-லும் 2004-லும் நேரெதிரான இரண்டு விளைவுகளைத் தந்தது. இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஏன் தூர்த்தார்கள்

1977-இல் மாலேயின் மக்கள்தொகை 30,000-க்குச் சற்றுக் குறைவு. 1985-இல் அது சுமார் 46,000. இயற்கையாக இருந்த நிலமோ ஒரு சதுர கிலோமீட்டரை ஒட்டித்தான். பிற தீவுகளிலிருந்து படிக்கவும் வேலை தேடியும் மருத்துவத்துக்கும் வருபவர்களுக்கு வேறு ஊர் இல்லை. வீடு கட்ட இடம் இல்லை. சுற்றிலும் இடுப்பளவுத் தண்ணீரில் பரந்து கிடந்த பாறைத்தளம், சும்மா கிடக்கும் நிலமாகவே எல்லார் கண்ணுக்கும் பட்டது.

1970-களின் இறுதியிலிருந்து 1980-களின் நடுப்பகுதி வரை, முக்கியமாகத் தெற்கிலும் மேற்கிலும், பாறைத்தளத்தை நிரப்பி ஊரை விரித்தார்கள். தீவின் பரப்பு ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டரை நோக்கி வளர்ந்தது. தளத்திலிருந்து தோண்டி எடுத்த பவள மணலும் சல்லியுமே நிரப்புப் பொருள். விளிம்பில் பவளக் கற்களை அடுக்கித் தடுப்பு வைப்பது அந்த நாட்டின் பழைய வழக்கம். காயலுக்குள் சிறு படகுத்துறைக்கு அது போதும். திறந்த கடலைப் பார்க்கும் விளிம்புக்குப் போதாது. பவளக் கல் நுண்துளைகள் நிறைந்தது, கருங்கல்லை விட எடை குறைவு. பெரிய அலை அதைத் தூக்கி உருட்டிவிடும்.

இதே காலத்தில் வீடு கட்டவும் பவளத்தைத்தான் வெட்டினார்கள். தளத்தில் மேடு மேடாக நின்ற பவளப் பாறைகளைக் கடப்பாறையால் பெயர்த்துப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். சுற்றுலா வளர வளர இந்த வெட்டும் வளர்ந்தது. வெட்டிய தளங்கள் பல ஆண்டுகள் கழித்தும் தேறவில்லை. பெயர்த்த இடத்தில் உருளும் சல்லிதான் மிஞ்சும். உருளும் கல்லில் புதிய பவளக் குஞ்சு ஒட்டிப் பிழைக்க முடியாது.

ஆக ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடந்தது. தளத்தின் அகலம் குறைந்தது. மிச்சமிருந்த தளத்தின் கரடுமுரடும் குறைந்தது. இரண்டுமே அலையைத் தணிக்கும் வேலையைச் செய்துவந்தவை.

1987 ஏப்ரல் 10 முதல் 12 வரை

மாலேயில் அப்போது புயல் இல்லை. ஏப்ரல் என்பது இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதம், பொதுவாக அமைதியானது. தெற்கிலிருந்து நீண்ட அலைகள் வரிசையாக வரத் தொடங்கின. பௌர்ணமி 14-ஆம் தேதி என்பதால் ஓதமும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. மாலேயில் பெரிய ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்தான். ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள ஊருக்கு ஒவ்வொரு பத்து சென்டிமீட்டரும் கணக்கில் வரும்.

அலைகள் தெற்கு விளிம்பின் தடுப்பைக் குலைத்தன. தடுப்புக்குப் பின்னால் இருந்த நிரப்பு மணல் கரைந்து வெளியேறியது. தண்ணீர் தெருக்களில் புகுந்தது. அருகிலுள்ள ஹுல்ஹுலே தீவிலிருந்த விமான நிலையமும் பாதிக்கப்பட்டது. வேறு பல தீவுகளிலும் வெள்ளம் ஏறியது. அதிகமாக அடி வாங்கியது புதிதாகத் தூர்த்த பகுதி.

சேதம் நடந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். தடுப்பு ஒரே அடியில் விழுந்துவிடாது. அலை மோதி மேலே ஏறும்போது கற்களின் இடுக்கில் நீர் அழுத்தத்தோடு புகும். அலை பின்வாங்கும்போது அந்த நீர் நிரப்பு மணலையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். கல்லுக்கும் மணலுக்கும் இடையில் வடிகட்டி அடுக்கு இல்லையென்றால் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் மணல் போகும். மேலே தரை பார்க்க முழுசாகவே இருக்கும், அடியில் குழி விழுந்திருக்கும். கடைசியில் தரை உள்வாங்கி, கல் சரிந்து, அடுத்த அலை நேராக மணலில் மோதும். கரையோரச் சாலைகள் நம்மூரில் திடீரென்று உள்வாங்குவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அலை எங்கிருந்து வந்தது

ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே, தென் இந்தியப் பெருங்கடலில் வீசிய ஒரு புயலிலிருந்து கிளம்பிய அலைகள் அவை. கேரளத்திலும் குமரியிலும் கள்ளக்கடல் என்று நாம் சொல்வதும் இதே குடும்பம்தான். உள்ளூரில் காற்றே இல்லாமல், முன்னறிகுறி காட்டாமல், எங்கோ தொலைவில் கிளம்பிய அலை கரையேறும்.

எவ்வளவு நேரத்தில் வரும் என்பதைக் கணக்கிடலாம். ஆழ்கடலில் அலைக்கூட்டம் நகரும் வேகம், அலைக்காலத்தை (ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும் வரை ஆகும் விநாடிகள்) 0.78-ஆல் பெருக்கினால் கிடைக்கும், விநாடிக்கு மீட்டரில். அலைக்காலம் 16 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ., நாளுக்கு சுமார் 1,080 கி.மீ. ஏறத்தாழ 5,000 கி.மீ. தாண்டி வர நான்கரை நாட்களுக்குச் சற்று மேல் ஆகும். 20 விநாடி அலை அதே தூரத்தை நான்கு நாட்களுக்குள் கடந்துவிடும். 12 விநாடி அலைக்கு ஆறு நாட்களுக்கு மேல் பிடிக்கும்.

ஆகவே நீண்ட காலமுள்ள அலைதான் முதலில் வந்து சேரும். உயரம் அரை மீட்டர்கூட இருக்காது, ஆனால் இடைவெளி 18, 20 விநாடி இருக்கும். கரையில் நிற்பவர் ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் 11 முகடுகள் கடக்கும் நேரத்தை எடுத்துப் பத்தால் வகுத்தால் போதும். வழக்கமாக 7, 8 விநாடி காட்டும் இடத்தில் திடீரென்று 18 காட்டினால், பின்னால் பெரிய கூட்டம் வருகிறது என்று பொருள். 1987-இல் இப்படி அளந்து எச்சரிக்க ஏற்பாடு எதுவும் இல்லை. இன்று ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுக்கிறது. ஆனாலும் எச்சரிக்கை கடைசி ஆளின் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இதே வகை அலைக்குப் பலியானார்கள்.

தளம் இருந்தபோதும் இல்லாதபோதும்

16 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 400 மீட்டர். தன் நீளத்தில் பாதி ஆழம், அதாவது 200 மீட்டர் வந்த பிறகுதான் அலைக்கு அடித்தளம் தட்டுப்படும். கண்டத்திட்டு உள்ள கரையில் அங்கிருந்து பல கிலோமீட்டர் உரசி ஆற்றலை இழந்துதான் கரைக்கு வரும். மாலேயில் 200 மீட்டர் ஆழத்துக்கும் பாறை விளிம்புக்கும் இடையே உரசுவதற்கு இடமே இல்லை. அலை கிட்டத்தட்ட முழு ஆற்றலோடு விளிம்புக்கு வந்து சேரும்.

விளிம்பில் என்ன நடக்கிறது? தோராயமாக, நீர் ஆழம் அலை உயரத்தைப் போல் 1.3 மடங்குக்குக் கீழே போனால் அலை உடையும். 3 மீட்டர் அலை சுமார் 4 மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். உடைந்த பிறகு தளத்தின்மேல் எஞ்சும் அலையின் உயரத்தைத் தளத்தின் ஆழம்தான் தீர்மானிக்கும், ஆழத்தில் ஏறத்தாழ பாதி. தளத்தில் 1.2 மீட்டர் நீர் இருந்தால் 0.6 மீட்டர் அலைதான் அதன்மேல் ஓட முடியும். அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், 3 மீட்டர் 0.6 ஆனால் ஆற்றல் 25-இல் ஒரு பங்காகிவிடுகிறது. உலகின் பல பவளப்பாறைகளில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், அலை ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைப் பாறை தணிப்பதும், அதில் பெரும்பகுதியை விளிம்பே தணித்துவிடுவதும் தெரிந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அலை விளிம்பில் தொடர்ந்து உடையும்போது தளத்தின்மேல் நீர் குவியும். உடையும் அலை உயரத்தில் 10 முதல் 20 விழுக்காடு வரை நீர்மட்டம் ஏறிவிடும். 3 மீட்டர் அலைக்கு 30 முதல் 60 சென்டிமீட்டர். தளம் அகலமாக இருந்து, பக்கவாட்டில் நீர் வடிய வழியும் இருந்தால், எஞ்சிய அலை பவளத்தின் கரடுமுரடில் உரசிக் கரைக்கு வருவதற்குள் தளர்ந்துவிடும். தளத்தைச் சுவர் வரை நிரப்பிவிட்டால், குவிந்த நீருக்குப் போக்கிடம் ஊர்தான். அலை உடைந்த நுரையும் வேகமும் தணியும் முன்பே சுவரில் மோதும், மோதி மேலே எழும், எழுந்தது உள்ளே விழும்.

1987-க்கு முன்னும் தென்கடல் அலைகள் அந்தத் தீவுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. அவை தளத்தில் உடைந்து ஓய்ந்தன. 1980-களில் ஊர் தானே முன்னேறிப்போய் அலை உடையும் இடத்தில் நின்றது. வெள்ளத்தைக் கடல்மட்ட உயர்வின் கணக்கில் உடனே சேர்த்துப் பேசியவர்கள் உண்டு. 1987 அக்டோபரில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஐ.நா. பொதுச் சபையில் தாழ்வான தீவுகளின் ஆபத்தைப் பற்றிப் பேசினார். 1989 நவம்பரில் சிறு நாடுகளின் கடல்மட்ட உயர்வு மாநாடு மாலேயிலேயே நடந்தது. அந்தக் கவலை முழுக்க நியாயமானது. கடல்மட்டம் ஏறுவதும் உண்மை. ஆனால் அந்த ஏப்ரல் வெள்ளத்தின் உடனடிக் காரணம் தொலைதூர அலையும் தூர்த்த தளமும்தான். காரணத்தைத் தவறாகக் குறித்தால் மருந்தும் தவறிப்போகும். கடல்மட்டம் மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொண்டால், தளத்தைத் தூர்ப்பதை நிறுத்த வேண்டும் என்ற எண்ணமே எழாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தூர்த்த நிலத்தைக் கைவிட்டுப் பின்வாங்குவது ஒரு வழி. இடம் போதாமல்தானே தூர்த்தார்கள், ஆகவே அது பேச்சுக்கே வரக்கூடியதாக இல்லை. பவளத்தை மீண்டும் வளர்ப்பது இன்னொரு வழி. கிளைப்பவளம் ஆண்டுக்கு சில சென்டிமீட்டர் வளரும், குன்றுபோன்ற பெரும்பவளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். அடுத்த பருவக்காற்றுக்குள் பாதுகாப்பு வேண்டியவர்களுக்கு அது பதில் ஆகாது. மேலும் நிரப்பிய இடத்தில் வளர்க்கத் தளமே இல்லை. சுவரை மட்டும் உயர்த்துவது மூன்றாவது வழி. செங்குத்துச் சுவரில் மோதும் அலை திரும்பிப் போய் அடுத்த அலையோடு சேர்ந்து இன்னும் உயர்ந்து அடிக்கால் பாறையைத் தோண்டும்.

தேர்ந்தெடுத்தது, தெற்குத் தளத்தில் கரையை ஒட்டாமல் கடல் பக்கம் தனித்து நிற்கும் அலைத்தடுப்பு. ஜப்பான் அரசின் மானியத்தில் 1980-களின் இறுதியில் அந்த வேலை நடந்தது. பிறகு தீவு முழுவதையும் ஆய்ந்து திட்டம் போட்டு, 1990-களில் பக்கம் பக்கமாகக் கரைச்சுவர் கட்டினார்கள். 2002-இல் தீவைச் சுற்றி ஏறத்தாழ 6 கி.மீ. பாதுகாப்பு நிறைவடைந்தது.

தனித்து நிற்கும் தடுப்பைத் தெற்கில் முதலில் வைத்தது சரியான முடிவு. ஒரு வகையில் அது தொலைத்த பாறை விளிம்பைக் கான்கிரீட்டில் திரும்ப வைப்பதுதான். அலையை வெளியே உடைத்து, தடுப்புக்கும் கரைக்கும் நடுவில் ஒரு நீர்ப்பட்டையை விட்டுவைக்கிறது. தாண்டி வரும் நீர் அந்தப் பட்டையில் விழுந்து பக்கவாட்டில் வடிந்துவிடும்.

டெட்ராபாட்: ஏன், எப்படி

அந்தத் தடுப்பின் கவசம் டெட்ராபாட் என்னும் கான்கிரீட் கட்டிகளால் ஆனது. ஏன் கருங்கல் இல்லை என்பதற்குக் கணக்கே பதில். தடுப்பின் கவசக் கல் எவ்வளவு எடை வேண்டும் என்பது அலை உயரத்தின் கன அளவுக்கு ஏற்ப ஏறும், கல்லின் பின்னிக்கொள்ளும் தன்மைக்கும் சரிவுக்கும் ஏற்பக் குறையும். ஹட்சன் சூத்திரம் என்று கடல் பொறியாளர்கள் அன்றாடம் பயன்படுத்துவது இது. உடையும் 3 மீட்டர் அலை, ஒன்றுக்கு ஒன்றரை சரிவு என்று வைத்துக்கொள்வோம். கரடுமுரடான கருங்கல்லின் பின்னல் எண் 2. ஒவ்வொரு கல்லும் சுமார் 6 டன் வேண்டும். டெட்ராபாடின் பின்னல் எண் 7. கான்கிரீட்டின் அடர்த்தி கருங்கல்லை விடக் குறைவு என்றாலும் 3 டன் போதும். கருங்கல்லே இல்லாத நாட்டில் ஆறு டன் பாறைகளைக் கப்பலில் இறக்குவதை விட, சிமெண்டும் சல்லியும் இறக்கி அங்கேயே வார்ப்பது கைக்கு அடக்கமானது.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டும். அலை 2.5 மீட்டர் என்று எண்ணி வடிவமைத்தால் 1.8 டன் போதும் என்று வரும். உண்மையில் 3 மீட்டர் வந்துவிட்டால் தேவை சுமார் 3 டன். அரை மீட்டர் தவறு எடையில் 70 விழுக்காட்டுத் தவறாகிறது. ஆகவே வடிவமைப்பு அலையைத் தேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளூர்க் காற்றுப் பதிவை மட்டும் வைத்து அதைத் தேர்ந்தால், காற்றே இல்லாத நாளில் வரும் தென்கடல் அலை கணக்கிலேயே வராது.

தடுப்பின் முனைகளில் அலை சுற்றி வளைந்து மூன்று பக்கமும் தாக்கும், பின்னலுக்கும் ஆதரவு குறைவு. அங்கே பின்னல் எண் 5 என்று எடுப்பது வழக்கம். அதே அலைக்கு எடை 4 டன்னைத் தாண்டும். முனையிலும் நடுப்பகுதியிலும் ஒரே அளவைப் போட்டால் முதலில் கழன்று போவது முனைதான். நம் கடற்கரைகளில் தூண்டில் வளைவுகளின் நுனி சிதைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

டெட்ராபாட் என்பது நான்கு கால் கொண்ட கான்கிரீட் கட்டி. எப்படிப் போட்டாலும் மூன்று கால் ஊன்றி ஒரு கால் மேலே நிற்கும். இரும்பு அச்சில் வார்ப்பார்கள். உள்ளே கம்பி கிடையாது. அதனால் உப்புநீரில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பிளக்கும் தொல்லை இல்லை. ஆனால் கம்பி இல்லாததால் ஆட்டம் தாங்காது. சரியாகப் பின்னாத கட்டி ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் ஆடும், ஆடி ஆடி கால் வேரோடு ஒடியும். கால் ஒடிந்த கட்டி சாதாரண உருண்டைக் கல்லுக்குச் சமம். எடை குறைவு, பின்னல் இல்லை. அது உருண்டு பக்கத்துக் கட்டியையும் உடைக்கும். வார்த்த கான்கிரீட் போதிய வலு பெறும் முன் கிரேனில் தூக்கினால், காலும் உடலும் சேரும் கழுத்தில் மயிரிழை விரிசல் விழும். பார்வைக்குத் தெரியாது. பெரிய அலை வரும் நாளில்தான் தெரியும்.

அடுக்கும் முறை: முதலில் பாறைத்தளத்தில் தளர்ந்த சல்லியை அகற்றி அடிக்காலை, அதாவது சரிவின் கீழ் விளிம்பை, உறுதியாக உட்காரவைக்க வேண்டும். அடிக்கால் நழுவினால் மேலுள்ள முழுச் சரிவும் இறங்கும். நடுவில் சிறு கற்களாலான உட்கரு, அதன்மேல் இடையடுக்கு, அதன்மேல் டெட்ராபாட் இரண்டு அடுக்கு. இடையடுக்குக் கல் கவசக் கட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு இருப்பது நல்லது. 3 டன் கட்டிக்கு அடியில் 300 கிலோ கல். அதைவிடச் சிறிதாக இருந்தால் கட்டிகளின் இடுக்கு வழியே அலை உறிஞ்சி எடுத்துவிடும். கட்டிகளைக் கீழிருந்து மேலாக வரிசையாக வைக்க வேண்டும். முதல் அடுக்கின் இடைவெளியில் இரண்டாம் அடுக்கின் கால் இறங்கிப் பிடிக்க வேண்டும். அடுக்கிய பிறகும் பாதிக்குப் பாதி வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில் நீர் புகுந்து சுழன்று தளர்வதுதான் தடுப்பின் வேலை. அழகுக்காகச் சிமெண்ட் பூசி இடுக்கை அடைப்பதைச் சில ஊர்களில் பார்க்கிறோம். அது டெட்ராபாடைச் சுவராக்கிவிடும், கொடுத்த காசு வீண்.

2004 டிசம்பர் 26

சுமத்ரா நிலநடுக்கத்தின் சுனாமி, கிளம்பி மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனபோது மாலத்தீவை எட்டியது. நாடு முழுவதும் 82 பேர் இறந்தார்கள், 26 பேர் காணாமல் போனார்கள். மாலேயின் ஒரு பகுதிக்குள் நீர் வந்தது. ஆனால் கரைச்சுவரும் தடுப்பும் உடையாமல் நின்றன, நீரின் வேகம் தணிந்தது. சுவர்தான் நகரத்தைக் காத்தது என்று பரவலாகச் சொல்லப்பட்டது.

சுவரின் பங்கு உண்மை. அது மட்டுமே என்று சொன்னால் மற்றத் தீவுகளுக்குத் தவறான பாடம் போய்ச் சேரும். சுனாமியின் அலைநீளம் பல பத்து கிலோமீட்டரிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரை. அது உயர்ந்து எழ, நீண்ட மெல்லிய சரிவு வேண்டும். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அந்தச் சரிவு இருந்தது, அலை வளர்ந்து வந்தது. மாலத்தீவில் ஆழத்திலிருந்து சட்டென்று பாறை எழுகிறது. அலை வளர இடம் கிடைக்கவில்லை. வளையங்களுக்கு நடுவே உள்ள ஆழமான கால்வாய்கள் வழியே பெரும்பகுதி கடந்து போய்விட்டது. மாலே அருகே கடல்மட்டம் ஏறியது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், வேகமாக ஏறிய ஓதம் போல. தென்கடல் அலையைத் தணிக்காமல் உள்ளே விட்ட அதே செங்குத்துதான் சுனாமியை வளரவிடாமலும் தடுத்தது.

ஒன்றரை மீட்டரே பல தீவுகளைச் சிதைத்தது. நெரிசலாக, விளிம்பு வரை வீடு நிறைந்திருந்த கந்தொலுதூ தீவை மக்கள் கைவிட வேண்டியதாயிற்று. அவர்களைப் பிறகு துவாஃபரு என்ற தீவில் குடியமர்த்தினார்கள்.

அதன் பிறகு

மாலேக்கு அடுத்த தளத்தில் 1997-இல் தொடங்கிய ஹுல்ஹுமாலே தூர்ப்பு வேலையில் தரையைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் வைத்தார்கள். 1987-இலிருந்து கற்றுக்கொண்டது அதில் தெரிகிறது. 2004-இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். குடியிருப்புத் தீவுகளை ஒட்டிய பாறைகளில் பவளம் வெட்டுவதற்கும் தடை வந்தது.

அலை நிற்கவில்லை. 2007 மே மாதம் தென்மேற்கிலிருந்து வந்த நெடும் அலைகள் 16 வளையங்களில் 68 தீவுகளை நனைத்தன. மாலே போன்ற தடுப்பு அந்தத் தீவுகளுக்கு இல்லை, அந்த அளவுச் செலவு எல்லாத் தீவுக்கும் செய்யவும் முடியாது. அவற்றுக்கு இருப்பது பாறைத்தளம்தான்.

அந்தத் தளமும் வலுவிழந்து வருகிறது. 1998-இல் கடல் சூடேறிப் பவளம் வெளிறியபோது ஆழமற்ற நீரில் பெரும்பகுதி செத்தது. 2016-இல் மீண்டும் அடி. செத்த பவளக் கிளைகள் ஒடிந்து சல்லியாகும். தளம் வழவழப்பாகி ஆழம் கூடும். மேலே சொன்ன கணக்கின்படி, தளத்தின் ஆழம் அரை மீட்டர் கூடினால் அதன்மேல் ஓடும் அலை கால் மீட்டர் கூடும். கடல்மட்டம் ஏறுவதும் இதே வாசல் வழியாகத்தான் தீங்கு செய்யும்.

இன்று செய்வதானால் எதை மாற்ற வேண்டும்

முதல் மாற்றம் கோடு போடுவதில். தூர்க்கும் எல்லையைப் பாறை விளிம்பிலிருந்து அளந்து வைக்க வேண்டும், கரையிலிருந்து அல்ல. எவ்வளவு அகலம் விட வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதை முடிவு செய்யத் தளத்தில் மூன்று இடங்களில், விளிம்பின் வெளியே, விளிம்புக்கு உள்ளே, கரையோரத்தில், அழுத்தமானிகளை ஒரு முழு ஆண்டுக்காவது வைத்து அலையை அளக்க வேண்டும். தென்கடல் அலை அதிகம் வரும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்கள் அளவீட்டில் விடுபடக் கூடாது. அந்தச் செலவு ஒரு நூறு மீட்டர் தடுப்பின் செலவோடு ஒப்பிட்டால் சிறியது.

இரண்டாவது, நிரப்பு மணலைத் தோண்டும் இடம். பாதுகாக்க வேண்டிய தீவின் சொந்தத் தளத்தில் குழி தோண்டி அதே தீவை நிரப்புவது, வாசற்படியைப் பெயர்த்து மேல்மாடி கட்டுவதற்குச் சமம். காயலின் ஆழமான மணற்பரப்பிலிருந்து, வண்டல் பாறைமேல் படியாதபடி திரை கட்டி எடுக்க வேண்டும். எடுக்கும் நேரம் பவளம் முட்டையிடும் நாட்களோடு மோதக் கூடாது.

மூன்றாவது, சுவருக்கும் நிரப்புக்கும் நடுவில் வடிகட்டித் துணியோ படிப்படியான சல்லி அடுக்கோ இல்லாமல் எந்த வேலையையும் ஏற்கக் கூடாது. 1987-இல் நிலம் கரைந்த வழி அதுதான். சுவரைத் தாண்டி வரும் நீர் வடியத் திறப்பும் பின்வாய்க்காலும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். தாண்டவே தாண்டாத சுவர் என்று ஒன்று கிடையாது.

நாம் நம் கரையில் பார்க்க வேண்டியதும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிப் பக்கத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே அலை சிறியது, கடல் ஆழமற்றது. ஆனாலும் விளிம்பை எடுத்த பிறகு மணல் நிற்கவில்லை. 2001-இல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் கிடைத்தும், வெட்டு அடங்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

கட்டி முடித்த தடுப்புக்குப் பராமரிப்புப் பணத்தைத் திட்டத்தின் முதல் நாளிலேயே ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு பருவக்காற்று முடிந்ததும், ஓதம் இறங்கிய நேரத்தில், எண் குறித்து வைத்த டெட்ராபாட்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இடம் மாறியது, கால் ஒடிந்தது, அடிக்கால் இறங்கியது என்று பதிவு செய்ய வேண்டும். பின்பக்கத் தரையைக் கம்பியால் குத்திப் பார்த்து அடியில் குழி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மாற்றுக் கட்டிகள் வார்க்கும் அச்சுகளை ஒப்பந்ததாரர் எடுத்துப்போக விடாமல் தீவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நூறில் ஐந்து கட்டி உடைந்த நிலையில் மாற்றுவது சில நாள் கிரேன் வேலை. அதைத் தள்ளிப்போட்டால் அடுத்த ஏப்ரலில் இடையடுக்கும் திறந்துகொள்ளும்.